எழுபது கிலோ மைத்துனன்

"மாமா, இறக்கி விட்டுடுங்க. உங்க முட்டி நடுங்குறது எனக்கே தெரியுது," என்றான் தோளில் தொங்கிய மைத்துனன்.

தீயணைப்பு வீரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்தார். ஆறு வாரமாக இதே படிக்கட்டு, இதே திருப்பம். இதற்குமேல் ஒரு படி ஏறவில்லை.

இன்னும் பத்து நாளில் தேர்வு. எழுபது கிலோ மணல் பொம்மையைச் சுமந்து மூன்று மாடி ஏறவேண்டும். போன தடவை பாதியிலேயே பொம்மையோடு உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவையும் தவறினால் தீயணைப்பு வண்டியில் இடமில்லை. நிலையத்தில் போன் எடுக்கும் வேலைதான்.

அதனால்தான் ஆறு வாரத்துக்கு முன்பே, தசைக்குப் பலம் தரும் என்று கிரியேட்டின் பொடி வாங்கினார்.

"பொடி தானா ஒண்ணும் பண்ணாது சார். கூடவே பாரம் தூக்கணும்," என்றார் ஜிம் மாஸ்டர்.

பாரத்துக்கு எங்கே போவது? வேலை தேடி வந்து தங்கியிருந்த மைத்துனனை எடை பார்த்தார். அன்று கச்சிதமாக எழுபது கிலோ.

பொடி பலிக்கவில்லையே என்று இப்போது ஒரு கரண்டியை இரண்டாக்கினார். தோளுக்கு முன்னால் வயிறு வேலை செய்தது.

"ரெண்டு கரண்டி போட்டா ரெண்டு மடங்கு பலம் வராது சார். வயித்தாலதான் போகும்," என்றார் மாஸ்டர்.

பயிற்சியை இரண்டு வேளையாக்கினார். முதல் மாடியிலேயே மூச்சு முட்டியது.

"அவனும் பாவம், தலைகீழாத் தொங்கிட்டு வர்றான்," என்று மனைவி இருவருக்கும் பால் ஆற்றிக் கொடுத்தாள். "போன் எடுக்குறது ஒண்ணும் கேவலமில்லைங்க."

அவர் பொடி டப்பாவை அலமாரி உச்சியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தேர்வு நாளன்று கடனே என்று பொம்மையைத் தோளில் போட்டார். தலையணை மாதிரி இருந்தது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது.

"மணல் கொட்டிப்போச்சா?" என்று அதிகாரி பொம்மையைத் தராசில் ஏற்றினார். எழுபது கிலோ. குண்டுமணி குறையவில்லை.

வீட்டில் ஏறாத கால் அங்கே எப்படி ஏறியது? குழப்பத்தோடு வீடு திரும்பியவரைக் கீழ்த்தளத்துத் தையல்காரர் மறித்து, ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"உங்க மச்சானோட பேன்ட், சார். ரெண்டு மாசத்துல நாலு தடவை இடுப்பைப் பிரிச்சு விட்டுட்டேன், இனிமே பிரிக்க உள்ளே துணி இல்லைன்னு சொல்லிடுங்க."