பாதாம் மாமாவின் பீநாறி மரம்

சிதம்பரத்தில் ஒரு தெருவையே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வைத்த பெருமை எங்கள் பக்கத்து வீட்டுப் பாதாம் மாமா ஒருவருக்கே உண்டு. காடாம்புலியூர் நர்சரிக்குப் போகிற எவனும் முந்திரிக் கன்றோ பலாக் கன்றோ வாங்கி வருவான். இவர் காட்டுப் பாதாம் வாங்கி வந்தார். ஊரில் அதற்குப் பீநாறி மரம் என்று பெயர்.

மாசி வந்தால் மொட்டைக் கிளைகளில் கருஞ்சிவப்புப் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"பூவ ஏன்யா மோந்து பாக்குறீங்க? காயப் பாருங்க!" என்பார் மாமா.

காய் லட்சணம்தான். கைப்பிடி அளவு, கட்டை மாதிரி கெட்டி, நல்ல சிவப்பு. வெடித்தால் உள்ளே கறுப்புக் கொட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதை வறுத்து வீடு வீடாக நீட்டுவார். ஒருமுறை அரைகுறையாக வறுத்துக் கொடுத்ததில், தெருவே கக்கூசில் குடியிருந்தது.

இந்த அழகில், என் தங்கையைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து மாசியில்தான் வருகிறோம் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா போய்க் கெஞ்சினாள்.

"அண்ணே, அந்தப் பூவ மட்டும் வெட்டிடுங்களேன்."

"பூவ வெட்டுனா காய் எப்புடிம்மா வரும்?" என்று கதவைச் சாத்திவிட்டார் மகானுபாவர். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன்.

பெண் பார்க்கும் நாள் விடிந்து பார்த்தால் மரத்தில் ஒரு பூ இல்லை. மனிதர் இந்த வயதில் மரமேறி எல்லாவற்றையும் கழித்திருந்தார். நிம்மதியாகப் பாய் விரித்தோம்.

வந்து உட்கார்ந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "டிரெய்னேஜ் ஏதும் அடைச்சிருக்கா?"

ஓடிப்போய்ப் பார்த்தால், வெட்டிய பூவையெல்லாம் அந்த மேதாவி எங்கள் கொல்லையில் குவித்திருந்தார்! அதே நாற்றத்தில் ஊறிப்போன எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் முகம் செத்துவிட்டது.

கையெல்லாம் சிராய்ப்போடு மாமா உள்ளே வந்தார். "இவுங்க மேல தப்பு இல்லம்மா. மரம் என்னுது. இந்தப் புள்ளைக்காவ வெட்டுனேன். எனக்குக் கொல்ல இல்ல, நீங்க வாசப் பக்கந்தான வருவீங்கன்னு இவுங்க வீட்டுப் பின்னால போட்டேன். கூறுகெட்ட வேல பண்ணிட்டேன்."

அந்த அம்மாள் முந்தானையை இறக்கிவிட்டுச் சிரித்தார். "பொண்ணப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்னு இருந்தோம். இனிமே வேணாம்."

கல்யாணம் நடந்தது. மரத்தில் அந்த வருஷம் ஒரு காய்கூட இல்லை.

இப்போதும் மாசி பிறந்தால் தெருவே அவரைத் திட்டுகிறது. நானும் திட்டுகிறேன். ஆனால் வேறு தெருக்காரர் யாராவது திட்டினால் மட்டும் எனக்குப் பொறுக்கவே மாட்டேன் என்கிறது.