வடையைக் காப்பாற்ற வந்த உலகம் பாய்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பம்மலில் இட்லிக் கடை வைத்தே ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அந்தப் பெருமையோடு சொல்கிறேன்: வெள்ளைக்காரத் தலைவர்களை உலகம் பாய் திட்டிய அளவுக்கு அவர்களுடைய எதிரிகள்கூடத் திட்டியிருக்க மாட்டார்கள்.

பாய் எதிர்க்கடையில் தோல் பை தைப்பவர். காலையில் என் பெஞ்சில் உட்கார்ந்தால் இட்லி ஆறிப்போகும்வரை உலக அரசியல்தான்; அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்தது. கூட்டம் என் இட்லிக்கு வருகிறது என்று நினைத்திருந்தேன். பாய் பல்லாவரம் சந்தைக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் பாதி பெஞ்சு காலி. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஆட்டோ முருகன் கேட்டான்: "இந்த வெள்ளக்காரங்க எதுக்கு பாய் அடுத்தவன் நாட்டுல பூர்றாங்க?"

பாய் அவன் தட்டிலிருந்து வடையை எடுத்தார்.

"பாய், அது என் வடை!"

"உன் வடைக்கு ஆபத்துப்பா. காப்பாத்த வந்துகிறேன்." பாதியைக் கடித்தார்.

"இன்னா ஆபத்து?"

"அத்த அப்பால விசாரிப்போம்." மீதியும் உள்ளே போனது. "பாத்தியா, வடைக்கு விடுதலை!"

கடையே சிரித்தது. வடை சுட்ட என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பிறகு வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டது. என் கடைசி மகன் செல்வம் அங்கேதான் ஏசி மெக்கானிக். ஒரு காலை, நான் கடை திறக்கும் முன்பே பாய் வந்து காத்திருந்தார். டிவியைப் போடவிடவில்லை. ஒரு தலைவரையும் திட்டவில்லை. என் சட்னியைப் புகழ்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பாய், செல்வத்துக்கு இன்னா ஆச்சு?"

"நல்லாகிறான்க்கா. பக்கத்துத் தெருவுல குண்டு வுழுந்துச்சாம். அம்மா டிவி பாத்து பயந்துடும், நான் பேசற வரைக்கும் கூட இருன்னு போன் பண்ணான்."

"பெத்தவ நானு. உனக்கா மொதல்ல போன்?"

அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் எரிந்தது.

பதினோரு மணிக்குச் செல்வத்தின் குரலைக் கேட்டேன். அழுது முடித்து, "இப்போ திட்டு பாய்" என்றேன்.

"எங்கியோ குந்திகினு சண்டைய ஆரம்பிச்சி வைக்கறான். ஏசி மாட்டப் போன நம்ம புள்ள பக்கத்துல குண்டு வந்து வுழுவுது. கேட்டா, உலக அமைதிக்குன்றான்!"

அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நான் வசவு எடுத்துக் கொடுத்தேன்.

பாய் இப்போது மகளோடு நாவலூர் அடுக்குமாடியில் இருக்கிறார். அங்கே எவர் தட்டிலிருந்து வடை எடுக்கிறாரோ. வடையைப் பறிகொடுக்கிற அந்த ஆளை நினைத்தாலும் எனக்குப் பொறாமைதான்.

நதியா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின வரைக்கும் இந்தப் பாட்டிக்கு வாசிச்சுக் காட்டும்மா. பாய் பேசற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.