ஊசி பாயின் காது

தருமபுரி மாவட்டத்தில் காதைக் காதாகப் பயன்படுத்துகிறவர் ஊசி பாய் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் அது கண்ணாடி மாட்டிக்கொள்ள உதவும் உறுப்பு.

எங்கள் எதிர்வீட்டுக்காரர். தொழில், மிக்சி, கிரைண்டர் ரிப்பேர். உயிர், இசைத்தட்டு. தட்டின் மேல் ஓடும் ஊசி தேய்ந்துபோனால், புதியது வாங்க அன்றைக்கே பெங்களூருக்கு ரயிலேறிவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

தட்டு ஓடும்போது ஃபேன் ஓடக்கூடாது. சித்திரை வெயிலிலும் சட்டம் மாறாது. யாரும் நடக்கவும் கூடாது, ஊசி குதித்துவிடும். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பாவம், டீ டம்ளரோடு வாசற்படியிலேயே சரணம் முடியும்வரை நிற்பார்.

நான் போனில் பாட்டுக் கேட்டால் தெருவைத் தாண்டி வந்துவிடுவார்.

"என்னங்க சார் இது, பால் பவுடர்ல போட்ட டீயாட்டம்? அடில இருக்கற தபேலாவயும் மேல இருக்கற சலங்கயயும் நறுக்கிட்டு நடுத்துண்ட மட்டும் அனுப்பறானுங்க. நீங்களும் தலையாட்டறீங்க!"

இண்டூரில் ஒரு கல்யாணம். ஸ்பீக்கரில் பென் டிரைவ் பாட்டு அலறியது. பந்தியில் உட்கார்ந்த பாய், தாங்க முடியாமல் எழுந்துவிட்டார். பாட்டுக்காகப் பிரியாணியைத் துறந்த ஒரே மனிதரை என் பைக்கில்தான் ஏற்றி வந்தேன். அதில் என் பிரியாணியும் போயிற்று.

போன வருஷம் பாயின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வீட்டில் காற்று வரும் அறை ஒன்றே ஒன்று. அதில் தரையிலிருந்து கூரைவரை இசைத்தட்டுகள்.

"ரூம காலி பண்ணுங்க. எல்லாத்தயும் பரண்ல ஏத்திரலாம்" என்றார் அக்கா.

"பரண்ல சூடு. தட்டு வளைஞ்சிரும்."

"அப்ப பொண்ணு ஹால்லயா படுப்பா?"

"இந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்குதே, அத்தா" என்றாள் மகள். பாய்க்கு வந்ததே கோபம்!

"ரெண்டும் ஒண்ணா? கண்ண மூடிக்கிட்டு சொல்றேன், எது தட்டு, எது போனுன்னு. ஒண்ணு தப்பினாலும் ரூம் உன்னுது!"

ஞாயிறு காலை போட்டி. ஹாலின் குறுக்கே ஒரு புடவையைக் கட்டினோம். அதற்குப் பின்னால் நானும், ரெக்கார்டு பிளேயரும், என் போனும். இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர். தெருவே வந்துவிட்டது.

"போன்." சரி. "தட்டு." சரி. "தட்டு." அதுவும் சரி. "போன். அதுலயும் மட்டமான போன்." சரிதான், என்ன செய்வது.

ஐந்தாவது பாட்டுக்கு அக்காவும் நானும் ஒரு சதி வைத்திருந்தோம். முந்தின வாரம் மழையில் அவர் கடையிலேயே மாட்டிக்கொண்ட மாலை, அவருடைய தட்டையே ஓடவிட்டு, கீறலும் கரகரப்புமாக என் போனில் பதிவு செய்திருந்தோம். அதைப் போட்டேன்.

புடவை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பாய் கண்ணை மூடி ஆழ்ந்து கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, இடுப்பில் கையூன்றி நின்ற மகளைப் பார்த்தார்.

"தட்டு" என்றார்.

வாசலில் விசில் பறந்தது. அன்றைக்கே அறை காலியானது. பரண் வேண்டாமென்று தட்டுகளையும் பிளேயரையும் எங்கள் ஹாலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது மனசு கேட்கவில்லை.

"பாய், அந்த அஞ்சாவது பாட்டு..."

"தெரியுமுங்க சார். பாட்டுக்குப் பின்னால தகர ஷீட்டுல மழை பேயற சத்தம் கேட்டுச்சு. வெளிய வெயில் கொளுத்துது."

"அப்பறம் ஏன் தட்டுன்னு சொன்னீங்க?"

"புள்ளைக்கு ரூம் வேணுமில்லீங்களா? சும்மா தூக்கிக் குடுத்துட்டா அப்பறம் வூட்டுல என் பேச்சுக்கு மருவாத இருக்குமா?"

பேத்தி பிறந்துவிட்டாள். பாய் தினமும் சாயங்காலம் பாட்டுக் கேட்க எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே நான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிடுகிறேன்.