முதல் நாள் வருகை

ஒன்பது மணி வகுப்புக்கு ரோண்டா பிக்கெட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது நாலு. வகுப்பா அது? சினிமா தியேட்டர் மாதிரி சரிந்து இறங்கிய கூடத்தில் முந்நூறு பேர் இரைந்துகொண்டிருந்தார்கள். அவள் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்த ஊர்க் கல்லூரியில் வகுப்புக்குப் பதினெட்டுப் பேர்தான்.

வாத்தியாரைக் காணோம். நல்லவேளை.

பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்குக் கொடுத்த தாளில் ஒரு வரியின் கீழ் மட்டும் அவள் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்: முதல் நாள் வருகை பதியாதவரின் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். இந்தப் புள்ளியியல் வகுப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான். இந்த இடம் போனால் பட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். பதினெட்டு வருடம் ஓட்டிய பள்ளிப் பேருந்தை விட்டுவிட்டு, நாற்பத்து நாலு வயதில் வந்திருக்கிறவளுக்கு ஒரு வருடம் என்ன சும்மாவா?

மேடையில் ஒரு மேசை இருந்தது. வருகையை அங்கேதான் பதியவேண்டுமோ என்று இறங்கினாள். வழியெல்லாம் பைகள், நீட்டிய கால்கள். போதாததற்குக் காபிக் கோப்பையோடு ஒரு நெட்டைப் பையன் பின்னாலேயே இடித்துக்கொண்டு வந்தான். அவளையறியாமல் பேருந்துக் குரல் கிளம்பிவிட்டது.

"எல்லாரும் உட்காருங்க! பை மடியில! கால உள்ள இழு! ஏய் காபி, உன்னத்தான்! பின்னாடி போய் உட்காரு!"

"மேடம், நான் வந்து…"

"உட்காருன்னா உட்காரு!"

நெட்டையன் கடைசி வரிசைக்குப் போனான். கூடம் கப்சிப். முந்நூறு நோட்டுகள் திறந்தன.

ரோண்டா பதறிக் கையை ஆட்டினாள். "ஐயோ, நான் வாத்தியார் இல்லப்பா! நானும் உங்கள மாதிரி ஸ்டூடண்ட்தான்!"

முன்வரிசையில் இருந்த ஷெல்பி என்ற பெண் உருகிப்போனாள். "பாத்தியாடி, எவ்ளோ அடக்கம்!" அவள் கை தட்ட, கூடமே தட்டியது.

சரி, பெயரைப் பலகையில் எழுதிவைத்தால் வாத்தியார் வந்ததும் பார்த்துக்கொள்வார். 'ரோண்டா பிக்கெட்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் திரும்பினாள். முந்நூறு பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குண்டுப் பையன் எழுந்தான். "பிக்கெட் மேடம், நான் வெயிட்டிங் லிஸ்ட்ல ஏழாவது. இடம் கிடைக்குமா?"

"கிடைக்காது! ஒரு இடமும் காலி இல்ல!"

"செம ஸ்ட்ரிக்ட்டுடா," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தான்.

இனிப் பொறுப்பதில்லை என்று ரோண்டா தன் அடையாள அட்டையை ஷெல்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கண்ணத் தொறந்து பாரும்மா! என்ன போட்டிருக்கு?"

ஷெல்பி படித்தாள். முகம் மாறியது. "ஐயய்யோ, நிஜமாவே ஸ்டூடண்ட்தான்!"

ரோண்டா பெருமூச்சு விட்டாள். அது பாதியிலேயே நின்றது.

"அப்ப வாத்தியார் வரவே இல்லையா?" என்று குண்டுப் பையன் கூவினான். "பதினஞ்சு நிமிஷம் ஆச்சு! அதுக்கு மேல காத்திருக்க வேணாங்கறதுதான் வழக்கம், வாங்கடா!"

முந்நூறு பேர் எழுந்தார்கள். வகுப்பே கலைந்தால் வருகை ஏது? இடம் ஏது? ரோண்டா தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து போய், மேடையோரத்து வாசலை மறித்தாள்.

"ஒருத்தரும் அசையக் கூடாது! இந்த நோட்டுல பேர் எழுதாம ஒருத்தரும் இறங்க முடியாது… வெளிய போக முடியாது!"

"நீங்க யாருங்க எங்கள நிறுத்த?" என்று முதலில் வந்த ஒருவன் கேட்டான்.

"நாளைக்கு உன் இடம் போச்சுன்னா அழப்போறது நீதான்டா, எழுது!"

எழுதினான். முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டு அவள் அனுப்பிய நோட்டு, வரிசை வரிசையாக ஏறிக் கடைசிவரை போனது. திரும்பி வரவில்லை. கடைசியில் நெட்டையன்தான் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தான்.

"எல்லாரும் எழுதியாச்சு மேடம்."

"என் பேரு மேல இருக்கு, பாத்தியா? வாத்தியார் இத ஒத்துக்குவாராப்பா?"

அவன் பவ்யமாகத் தலையாட்டினான். "ஒத்துக்கிட்டேன் மேடம், நான்தான் வாத்தியார்… முதல் நாள் ஸ்டூடண்ட் மாதிரி ஒருத்தர் வந்து என்னை எடை போடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, நான் பாஸ்தானே?"