கொடி ஏறிய ஊரில் ஒரு கோழி

சட்டி கொதிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மணம் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. வினாயகமூர்த்தி மூடியை அழுத்திப் பார்த்தார். மூடிக்கு மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தும் பார்த்தார். கோழி அடங்கவில்லை. உயிரோடு இருந்தபோதுகூட அது இவ்வளவு அடம்பிடித்திருக்காது.

வேறொரு நாளென்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியாகிவிட்டது. கொடி ஏறினால் கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை ஊருக்குள் மச்சம் மாமிசம் கிடையாது. முட்டைக் கோதுகூடக் குப்பையில் கிடக்கக் கூடாது. இதைத் தினமும் விடியக்காலையில் ஒலிபெருக்கியில் சொல்பவர் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அவருடைய வீடு வினாயகமூர்த்தியின் வீட்டுக்கு அடுத்த வீடு. வாவியிலிருந்து வருகிற காற்று இவருடைய குசினி அடுப்பைத் தடவிக்கொண்டு நேரே அவருடைய விறாந்தைக்குத்தான் போகும்.

போதாக்குறைக்கு நாளைக்கு இவர் மனைவி சுலோஜனாவின் தாய்வழிக் குடிக்கு உரிய திருவிழா. அவள் எழும்ப முடியாமல் கிடப்பதால், பூசைத் தட்டோடு இவர்தான் போய் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். அகப்பட்டால் இவருக்கு மட்டுமல்ல, அந்தக் குடிக்கே தலைகுனிவு.

இருந்தாலும் மனிதர் என்னதான் செய்வார். சுலோஜனாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பி, வீட்டுக்கு வந்த பிறகும் அவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. கஞ்சி வேண்டாம், இடியப்பம் வேண்டாம், பழம் வேண்டாம். அவளைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் கண் உள்ளே போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயமாக இருந்தது. அன்று காலையில்தான் அவள் முதல்முறையாக ஒன்றைக் கேட்டாள்.

"இஞ்சருங்க, கோழி எண்டாக் கொஞ்சம் தின்னலாம் போல கிடக்கு. மெல்ல நெருப்பில அவிச்சு, எலும்பில இருந்து தானாக் கழண்டு வாறாப்போல."

"கொடி ஏறிட்டுகா."

"தெரியும். சும்மா சொன்னன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சண்டை பிடித்திருந்தால் இவர் சமாளித்திருப்பார். அந்தத் திரும்பிப் படுத்தலைத்தான் தாங்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கொடி ஏறாத பக்கத்து ஊரான ஏறாவூருக்குப் போனார்.

"முத்தின கோழிதான் இருக்கு. அவசரப்பட்டு எரிச்சா றப்பர் மாதிரி வரும். மெல்ல வேகட்டும்" என்று சொல்லி, கடைக்காரர் பக்கீர் உரித்து வெட்டிக் கொடுத்தார். கோழியைப் பைக்கு அடியில் வைத்து, மேலே வாழைக்காயையும் முருங்கைக்கீரையையும் பரப்பி, பார்ப்பவர்களுக்கெல்லாம் கீரை தெரியும்படி ஊருக்குள் வந்து சேர்ந்தார். இஞ்சி, உள்ளிப்பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம், உப்பு. வேறொன்றும் போடவில்லை. கறித்தூள் போடாவிட்டால் மணக்காது என்று நினைத்தார். அங்கேதான் மனிதர் பிழைவிட்டார்.

முதலில் குசினி யன்னல்களைச் சாத்தினார். மணம் ஓட்டு இடுக்கால் ஏறிப் போனது. குசினி வெந்தது, அவரும் வெந்தார், கோழி மட்டும் வேகவில்லை.

பிறகு சாம்பிராணி போட்டார். ஒரு கைப்பிடி போதாதென்று இன்னொரு கைப்பிடியும் போட்டார். வீடு முழுக்கப் புகை. அறைக்குள் சுலோஜனா இருமினாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வண்ணக்கரின் தலை எழும்பியது.

"மூர்த்தி, என்ன புகை?"

"சாம்பிராணி மாமா. நாளைக்குத் திருவிழா எல்லோ. வீட்டைத் துப்பரவாக்குறன்."

வண்ணக்கர் இரண்டு கைகளையும் மதிலில் ஊன்றினார். கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார். இழுத்த மூச்சை அவசரப்பட்டு வெளியே விடவில்லை.

"சாம்பிராணி மட்டும்தானோ?"

"அடுப்பில சோயாமீற்றும் கிடக்கு மாமா." வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"சோயா." வண்ணக்கர் மறுபடியும் மூச்சை இழுத்தார். "இஞ்சி போட்டிருக்காப்போல."

"கொஞ்சம் மாமா."

"மிளகும் தட்டிப் போட்டிருக்கு."

"ஓம்."

"எப்ப இறக்குவ?"

பொலிஸ்காரன்கூட இப்படித் துருவித் துருவிக் கேட்கமாட்டான். "இப்ப இறக்கிருவன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்த வினாயகமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது, வீட்டில் சோயா இல்லை. மனிதர் வந்து பார்த்தால் எதைக் காட்டுவது? அடுப்பைக் குறைத்துவிட்டுச் சந்திக் கடைக்கு ஓடினார்.

கொடி ஏறிய ஊரில், இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கும் சோயாவுக்குக் கேட்கவா வேண்டும். பெட்டி காலியாகக் கிடந்தது. கடைக்காரப் பெண் அடியில் கைவிட்டுத் துழாவி ஒரே ஒரு பைக்கற்றை எடுத்து வைத்தாள். அதில் பெரிய சேவல் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"கோழிச் சுவைதான் மிச்சம். ஒருத்தரும் தொடுறாங்க இல்ல."

"வேற இல்லையா?"

"படத்தில மட்டும்தான் அண்ணன் கோழி."

அந்தச் சேவலையும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, சட்டியில் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கத் தயாராக இருந்தது. தண்ணீர் ஊற்றினார். கோழி மறுபடி முதலிலிருந்து கொதித்தது. மணமும் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. பக்கத்து அடுப்பில் சோயாவை ஏற்றி, மணத்தை மணத்தால் வெல்லலாமென்று கறித்தூளை அள்ளிக் கொட்டினார். நெடி தலைக்கேறிக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வண்ணக்கர்தான்.

"சுலோவைப் பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தன்."

சுலோவை அவர் வாசலில் நின்றபடியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குசினிக் கதவுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வினாயகமூர்த்தி குசினி வாசலை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். நின்ற காலில் தூக்கம் வந்தது. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் படுத்த முதுகு இன்னும் நிமிரவில்லை. பிடிக்கிறதென்றால் பிடித்துத் தொலையட்டும், இந்த மனிதர் எழும்பிப் போனால் போதும் என்றுகூட நினைத்தார்.

கோயில் ஒலிபெருக்கி கூப்பிட்டது. "வண்ணக்கர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஆலயத்துக்கு வருகை தரவும்."

"மாமா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

"கூப்பிடட்டும்."

"பூசைக்கு நேரமாகுதாக்கும்."

"ஐயர் இருக்கார்தானே." வண்ணக்கர் கழுத்தை நீட்டினார். "ரெண்டு சட்டி கொதிக்குது போல."

"ஒண்டு சோயா."

"மற்றது?"

"சுடுதண்ணி மாமா. சுலோவுக்கு மேல் கழுவ."

"உள்ளி போட்ட சுடுதண்ணியோ?"

"டொக்டர்தான் சொன்னவர்."

வண்ணக்கர் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கி மறுபடியும் கூப்பிட்டது. அரை மனதோடு எழும்பி, படியிறங்கும்போது சொன்னார்.

"எங்கட வீட்டிலயும் சோயா எண்டாச் சாப்பிடுவம்."

வினாயகமூர்த்திக்கு விளங்கிவிட்டது. சாட்சிக்குச் சோயாவைக் கேட்டுவிட்டுப் போகிறார், வேறென்ன. உடனே ஒரு கோப்பை நிறையச் சோயாவை அள்ளினார். கோழிச் சட்டிக்குள் போன அகப்பை இதற்குள் படவில்லை என்று பலமுறை உறுதிப்படுத்திக்கொண்டார். மதிலுக்கு மேலால் அதை அன்னப்பூரணி மாமியின் கையில் கொடுத்தார். மாமி, வண்ணக்கரின் மனைவி, அதிகம் பேசாத மனுசி. கோப்பையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் கோழி மனமிரங்கியது. கரண்டியால் தொட்டவுடன் சதை கழன்று விழுந்தது. வினாயகமூர்த்தி சுலோஜனாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, குழைந்த சோற்றில் கோழி அவிந்த ஆணத்தை ஊற்றிப் பிசைந்து கொடுத்தார். முதல் வாயை அவள் நெடுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். துப்பப் போகிறாள் என்று இவர் கையை ஏந்தினார். அவள் விழுங்கினாள்.

"உப்புக் கொஞ்சம் குறைவு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் எதற்கும் குறை சொல்லவில்லை. வினாயகமூர்த்தி உப்பு எடுக்கும் சாட்டில் குசினிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கோப்பையை வழித்துத் தின்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். அதையும் தின்றாள்.

"நீங்களும் ஒரு வாய் தின்னுங்களன்."

"நாளைக்குத் தட்டெடுக்க வேணும். எனக்கு வாழைக்காய் போதும்."

அவள் கண்ணை மூடிய பிறகு, அவரும் அந்தக் கட்டில் காலடியிலேயே தலையைச் சாய்த்தார். அப்போது பின்கதவு தட்டப்பட்டது.

அன்னப்பூரணி மாமி நின்றார். கையில் அதே கோப்பை. சோயா ஒரு துண்டும் குறையவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது. நாளைக்கு ஒலிபெருக்கியில் தன் பெயர்தான் என்று வினாயகமூர்த்தி முடிவே செய்துவிட்டார். பரவாயில்லை, அவள் தின்றுவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கேட்டார்.

"மாமா என்னவாம் மாமி?"

மாமி ஒழுங்கையில் ஆள் வருகிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கோப்பையை இவர் கையில் வைத்தார். குரலைத் தணித்துச் சொன்னார்.

"இது வேணாமாம் மனே. அந்தச் சுடுதண்ணியில ஒரு தொடை மிச்சமிருந்தாத் தரட்டாம்."