கட்டைத் திருட்டு பற்றிப் பெரிய மச்சானுக்கு

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. தங்கள் நலம் அறிய ஆவலும் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் இந்த இரண்டு வரியும் இருந்தாக வேண்டும் என்று தங்கள் தங்கை சொல்வாள். அவளுக்காக எழுதினேன். அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் சத்தம் போட ஆளில்லை, அதனால் நான் போடுகிறேன்.

என் மனைவி திருடி அல்ல. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தாங்கள் வேலையில் இருந்த காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவர் போலத்தான் தங்களுக்குத் தெரியும். அதற்காகக் கூடப்பிறந்தவளையுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கிற ஒரு விளையாட்டு. தோற்றால் என்ன, சொத்தா போகிறது? அவள் கடைசி வார்த்தையை வைத்து ஜெயித்ததும் தாங்கள் எழுந்து நின்று, பிள்ளைகள், மருமகள் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: "எழுத்தே இல்லாத கட்டை பையில ரெண்டே ரெண்டுதான் இருக்கு. எந்த எழுத்து வேணுமோ அதுவா வச்சுக்கலாம். அந்த ரெண்டும் வாராவாரம் எப்படி உன் கைக்கே வருது?" கட்டைகளை எண்ணுவதற்குப் பையைப் பிடுங்கினீர்கள். அவள் பலகையையே கவிழ்த்துவிட்டாள். "என்னைச் சந்தேகப்படுற ஆளு இனிமே இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்றாள். கோபத்தில் சொன்னதை நீங்கள் அரசாங்க உத்தரவு போல எடுத்துக்கொண்டீர்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரவில்லை. அவளை எடுத்துப்போன அன்றைக்கு வந்தீர்கள், அதுவும் வாசலோடு. ஒரு மணி நேரம் தெருவில் வெயிலில் நின்றுவிட்டு, படியில் கால் வைக்காமல் போய்விட்டீர்கள். நானும் இறங்கி வரவில்லை. ஏன் வர வேண்டும்?

அவள் எப்படி ஆடுவாள் என்று உங்களுக்குத் தெரியாதா? அவசரமே கிடையாது. தன் முறை வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். மடியில் இருக்கும் கண்ணாடிக் கூட்டைத் திறந்து துணியை எடுத்துத் துடைப்பாள். துணியை மடித்து உள்ளே வைத்து, கூட்டை மூடி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்புறம்தான் கட்டையைத் தொடுவாள். அத்தனை நிதானம். ஆட்டம் முடிந்தால் கட்டைகளைப் பொறுக்கிப் பையில் போடுவதும் அவளே. நாங்கள் தொட்டால் தொலைத்துவிடுவோம் என்று விடவே மாட்டாள். பக்கத்து வீட்டுப் பேப்பரைக்கூட இரவல் வாங்கிப் படிக்காத பெண், மச்சான்.

சரி, இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று போன ஞாயிறு பையைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டி எண்ணினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி, மகன், மருமகள் இருவரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கி உங்களுக்கு அனுப்புவதாகத் திட்டம். எழுத்துள்ள கட்டைகள் அத்தனையும் இருந்தன. எழுத்தில்லாத இரண்டையும் காணோம்.

அங்கே பிடித்தது சனி. குழந்தை விழுங்கியிருக்கும் என்று நான்தான் வாய் தவறிச் சொன்னேன். பேத்திக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள்தான் போகும். மருமகள் அலறிக்கொண்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நாங்கள் பின்னால் ஓடினோம். எக்ஸ்ரேயில் கட்டை இல்லை, சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. டாக்டர் படத்தையும் பார்த்தார், என் சட்டையையும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சோபாவுக்குள் விழுந்திருக்கும் என்று அடித்துணியைக் கத்தியால் கிழித்தேன். ஒரு சீப்பு, நகவெட்டி, மகனுடைய சிகரெட் லைட்டர். அவன் சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்று குழந்தை தலையில் அடித்து மருமகளிடம் சத்தியம் செய்திருந்தானாம். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பேசுவதில்லை, குழம்பு வேண்டுமா என்பதைக்கூட என்னை வைத்துத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்தது சலவை இயந்திரம். அவள் புடவை மடிப்பில் சிக்கி உள்ளே போயிருக்கலாம் என்று குழாய்க்காரரை வரவழைத்துக் கழற்றச் சொன்னேன். அவர் கழற்றினார், திரும்ப மாட்டத்தான் வரவில்லை. தண்ணீர் கீழ்வீட்டு வக்கீலின் படுக்கையில் சொட்டி, அவர் ஒரு வாளியோடு மேலே வந்து, வாளியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு நோட்டீஸ் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இத்தனையும் உங்கள் ஒரு வார்த்தையால்.

இந்த ரகளையெல்லாம் நடக்கும்போது அவள் நாற்காலி மட்டும் சும்மா இருந்தது. அவள் இருந்தால் "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பாள், வீடு அடங்கியிருக்கும். எனக்கு அதட்டத் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் கை தானாகப் பலகையை எடுக்கப் போகிறது, பிறகு சும்மா திரும்பி வருகிறது. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மச்சான்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் பேச்சு குறைந்துபோன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கொடுத்தாள். "அண்ணன் வந்தா இதைக் குடுத்துடுங்க. அதுக்குப் புரியும்" என்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உண்மையைப் பார்க்க உங்களுக்குக் கண் போதவில்லை, இதைப் போட்டுக்கொண்டாவது பாருங்கள் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறாள். சாகப்போகும்போதும் என்ன ரோஷம் பாருங்கள். அந்தக் கூட்டை இத்துடன் பார்சலாக அனுப்பி வைக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செத்தவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தாங்களே யோசியுங்கள்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் அன்பு. அவருடைய முழங்கால் வலி தேவலையாகட்டும். தங்கள் பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், பொத்தானை விழுங்காமல் இருக்கட்டும். தங்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தாங்கள் திருடி என்று சொன்னவளின் கணவன்

பின்குறிப்பு: உறைமேல் விலாசம் எழுத உட்கார்ந்தபோது என் கண்ணாடியைக் காணோம். தேடினால், கிழிந்த சோபாவில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து நொறுக்கியிருக்கிறேன். சரி, அவளுடையதை மாட்டிக்கொள்ளலாம் என்று கூட்டைத் திறந்தேன். அவள் போன பிறகு அதைத் திறப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடி இருந்தது, துடைக்கிற துணி இருந்தது. துணிக்கு அடியில் எழுத்தில்லாத கட்டை இரண்டும் இருந்தன.

முதலில் சிரிப்பு வந்தது. வாராவாரம் என் எதிரிலேயே உட்கார்ந்து துடைத்திருக்கிறாள். நானும் கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. குத்திக்காட்டத்தான் கொடுத்தாள் என்று நினைத்தேனே, அவள் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் தெருவில் வெயிலில் நின்றபோது அந்தக் கூடு என் சட்டைப் பையில்தான் இருந்தது மச்சான். ஒரு மாடி இறங்கி வர எனக்கு மனசு வரவில்லை.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், கை ஓடவில்லை. பார்சலும் அனுப்பப்போவதில்லை. கட்டைகளைப் பையில் போடவும் இல்லை, அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். உங்கள் கையில் கொடுக்கத்தான் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். படி ஏற வேண்டாம் என்று சொன்னவள்தான் இப்போது வீட்டில் இல்லையே.