சூப்பர் யூசர் சங்கையா

சாரல் அடிக்கிறது கண்ணுகளா, இப்படி என் பக்கம் நெருங்கி உட்காருங்கள். வயிறெரிந்துபோன ஒருத்தியின் கதை சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், அவள் காதில் மட்டும் விழவேண்டாம்.

"எடிட்டரா? நானா?" சங்கையா கம்ப்யூட்டர் முன்னால் நின்று கத்தினார். "வீட்டுக்கு மூத்தவன் எடிட்டரு, நேத்து வந்தவ அட்மினா?"

அவர் தம்பி பெண்டாட்டி செல்வலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவளாம்! அவள் மகளே காலேஜுக்குப் போகிறாள்.

சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே அவள் புருஷன் ஈஸ்வரன், அவன் அண்ணன் சங்கையா, அக்கா ராமுத்தாய் மூவரும் சேர்ந்து கட்டிய ஹோம்ஸ்டே அது. குடும்பம் மொத்தமும் அதே காம்பவுண்டில்தான். விருந்தாளிகள்தான் இல்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கும் ஆள் வராவிட்டால் அறைகளைப் பூட்டிவிட்டு, செல்வலட்சுமி மறுபடி கூடையைக் கட்டிக்கொண்டு கூலிக்கு ஏலக்காய் எடுக்கப் போகவேண்டியதுதான்.

அதனால்தான் வெப்சைட். மலையாளி கேபிள்காரன் ஜிபி வந்து, அவர்கள் கம்ப்யூட்டரில் வெப்சைட் கட்ட இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் மூன்றை ஏற்றிக் கொடுத்தான். "மூணையும் பழகிப் பாருங்க சேச்சி. பிடிச்சது எதுன்னு சொன்னாப் போதும்."

முதலாவது வேர்ட்பிரஸ். அதில் அட்மின்தான் பெரியவர், எடிட்டர் அவருக்குக் கீழே; அதனால்தான் இந்த எடிட்டர் வம்பு.

"அத்தான், அது வேலையப் பிரிச்சுக் குடுக்கிறதுதான். மரியாதைக் குறைச்சலா என்ன?"

"கல்யாணப் பத்திரிகையில என் பேரக் கீழ போட்டுட்டு இதையே சொல்லுவியா?"

சரி, ஒழியட்டும் என்று அண்ணன், அக்கா இருவரையும் அட்மின் ஆக்கினாள். அவரவர் போனில் திறந்தார்கள். சங்கையா முகப்பில் 'சங்கையா இல்லம்' என்று தன் மாலை போட்ட படத்தை ஏற்றினார். ராமுத்தாய் அதை அழித்து 'ராமுத்தாய் இல்லம்' ஆக்கினாள்.

"மதினி, நான் எடுத்த ரூம் படமெல்லாம் எங்க?"

"அழிச்சுட்டேன். கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சுச்சு."

செல்வலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு ஜூம்லாவுக்கு மாறினாள். அதில் அட்மினுக்கும் மேலே 'சூப்பர் யூசர்' என்று ஒன்று இருந்தது.

"பாத்தியா, இது குடும்பம் தெரிஞ்சவன் செஞ்சது!" என்று சங்கையா மீசையைத் தடவினார்.

"அப்ப நான் யாரு, அடுப்பூதுறவளா?" ராமுத்தாய் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அவளும் சூப்பர் ஆனாள். சூப்பர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம், செல்வலட்சுமியை வெளியே தள்ளியதுதான். அவள் தொடங்கிய சைட்டுக்குள் அவளே போகமுடியவில்லை.

மிச்சம் இருந்தது துருபல். அதில் பதவிப் பெயர்களை நாமே வைத்துக்கொள்ளலாம். 'குடும்பத் தலைவர்', 'குடும்பத் தலைவி' என்று தட்டினாள். விரலெல்லாம் கோபம்.

அதுவரை வாயே திறக்காத ஈஸ்வரன் எட்டிப் பார்த்தான். "எனக்கு என்ன போட்டிருக்க?"

"பார்வையாளர்."

"கட்டுன புருஷன் பார்வையாளனா?"

"வேற என்னத்தச் செஞ்சீக இத்தன நாளா? பாத்துக்கிட்டுத்தான இருந்தீக!"

அவனும் சண்டையில் இறங்கினான். அவ்வளவுதான், செல்வலட்சுமி கீபோர்டைத் தூக்கி அடித்தாள். எழுத்துகள் சோளப்பொரியாய்த் தெறித்தன.

"ஒரு போன் வந்துச்சா? ஒரு ஆள் வந்தானா? உலகமே நம்ம குடும்பத்த வேடிக்கை பாத்துச் சிரிக்கிது! எவன் வருவான் இங்க தங்க?"

"நீ அதுல எழுதுன இங்கிலீசப் பாத்துத்தான் ஓடுறான்," என்றார் சங்கையா.

"அண்ணன் போட்டோவப் பாத்தா பேயே வராது," என்றாள் ராமுத்தாய்.

"போதும் சாமி! நாளைக்கே நான் காய் எடுக்கப் போறேன். பதவியெல்லாம் நீங்களே வச்சு அழுங்க!" மூலையில் கிடந்த கூடையை எடுத்துத் தூசி தட்டினாள்.

காற்றில் அறுந்த கேபிளை இழுத்துக்கட்ட வந்த ஜிபி, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மெல்லத் தலையைச் சொறிந்தான்.

"உலகமோ? சேச்சி, எது வேணும்னு நீங்க சொன்னாத்தானே நான் நெட்ல ஏத்துவேன்? இது இன்னும் உங்க வீட்டு வைஃபையத் தாண்டி வெளிய போகவே இல்லையே!"

போய் வாருங்கள் என் தங்கங்களே. உங்கள் வீட்டுக் கதவை நல்ல விருந்தாளிகள் தட்டட்டும். தட்டுவது காதில் விழும் அளவுக்கு உள்ளே சத்தம் அடங்கி இருக்கட்டும்.